உயிர் சார்ந்த மென்பொருளுக்கு எந்த நிரல்மொழி? வாசகர் கேள்வி – பதில்

விமானம், ரயில், மருத்துவக் கருவி, வாகனத்தின் பிரேக் என, தவறினால் மனித உயிருக்கே ஆபத்து நேரும் இடங்களில் இயங்கும் மென்பொருளை எந்த மொழியில் எழுதுவது என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: நோயாளிக்கு இரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தும் பம்பு ஒன்றுக்கான மென்பொருளைப் புதிதாக எழுதவிருக்கிறோம். குழுவில் சிலர் சி மொழியே போதும் என்கிறார்கள். சிலர் ரஸ்ட் வேண்டும் என்கிறார்கள். மூத்தவர் ஒருவர் ஏடா மொழியைப் பரிந்துரைக்கிறார். இவற்றுள் மிகவும் பாதுகாப்பானது எது?

பதில்: அந்தக் கேள்விக்குப் போகும் முன் உங்கள் குழு ஒரு தாளை எடுத்து, பம்பில் நேரக்கூடிய தவறுகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு தவறுக்கும் எதிரே, அதை யார், எந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பார்கள் என்று குறியுங்கள். எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அப்போதே மறுத்துவிடுமா, சோதனையில் தெரியவருமா, இயங்கும்போது கருவி தானே உணர்ந்து நிற்குமா, அல்லது நோயாளியின் உடல்நிலை மோசமான பிறகுதான் தெரியுமா? எந்த மொழியை எடுத்தால் இந்தப் பட்டியலில் அதிகமான தவறுகள் கம்பைலரின் பொறுப்புக்கு மாறுகின்றனவோ, அந்த மொழியின் பக்கமே நான் சாய்வேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போம். உங்கள் நிரலில் திரவம் செல்லும் வேகம் மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று ஓர் எண்ணாக இருக்கும். மருந்தின் அளவு மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று இன்னோர் எண்ணாக இருக்கும். சி மொழியில் இரண்டும் வெறும் தசம எண்களே. ஒரு செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) இவ்விரண்டையும் அனுப்பும்போது வரிசை மாறிப்போனால் கம்பைலர் வாய் திறக்காது. தனித்தனி வகைப்பெயர் சூட்டினாலும் சி அவற்றை ஒரே வகையின் இரு பெயர்களாகவே கொள்ளும். ஏடாவில் இவ்விரண்டையும் வெவ்வேறு வகைகளாக அறிவித்து, ஒவ்வொன்றும் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குள் இருக்கலாம் என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் கம்பைலர் ஏற்க மறுக்கும். அனுமதித்த அளவைத் தாண்டிய மதிப்பு வந்தால் இயங்கும்போது பிழை எழுப்பும். ரஸ்டில் ஒவ்வோர் எண்ணையும் தனி வகைக்குள் பொதிந்து இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாம். அளவு வரம்பை மட்டும் நீங்களே எழுத வேண்டும். சி மொழியிலும் இப்படிப் பொதிய வழி உண்டு, ஆனால் அவசரத்தில் அதைச் செய்பவர்கள் குறைவு.

மொழியின் வகைச் சோதனை எதுவரை எட்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனதற்குக் காரணம், தரைத்தள மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுக்க, அதைப் படித்த மற்றொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதே. அந்த எண்கள் ஒரு கோப்பின் வழியாகக் கைமாறியவை. கோப்பில் எழுதிய கணமே வகை பற்றிய தகவல் உதிர்ந்துவிடுகிறது. எவ்வளவு கண்டிப்பான மொழியும் அங்கே காவல் நிற்க முடியாது. ஆகவே உங்கள் பம்பு வெளியிலிருந்து பெறும் ஒவ்வொரு மதிப்பிலும் அலகும் வரம்பும் சரிபார்க்கப்படுவதைத் தனியாக உறுதிசெய்யுங்கள்.

பழைய நிரல் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குவதால், ஏடாவின் கட்டுப்படுத்தப்பட்ட உட்பிரிவாகிய ஸ்பார்க்கை நான் முதலில் வைப்பேன். குழுவில் ரஸ்ட் நன்கறிந்தவர்கள் ஏற்கெனவே இருந்தால் ரஸ்டைத் தேர்வதில் தவறில்லை. சி மொழியை மூன்றாவதாக, கீழே வேறொரு கேள்விக்குச் சொல்லியிருக்கும் வேலிகளோடு மட்டுமே ஏற்பேன். எதைத் தேர்ந்தாலும், உங்கள் செயலிக்கு (பிராசஸர்) நம்பகமான கம்பைலர் இருக்கிறதா, கருவி புழக்கத்தில் இருக்கப்போகும் ஆண்டுகள் முழுவதும் அதற்கு ஆதரவு கிடைக்குமா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏரியன் 5 ராக்கெட்டின் மென்பொருள் ஏடாவில்தான் எழுதப்பட்டிருந்தது, அது முதல் பயணத்திலேயே வெடித்துச் சிதறியது. அப்படியானால் மொழித் தேர்வுக்கு இத்தனை முக்கியத்துவம் தருவது வீண் அல்லவா?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் அந்த விபத்தின் விவரங்கள் நீங்கள் எடுத்த முடிவுக்கு இட்டுச்செல்வதில்லை. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய அந்த ராக்கெட், பறப்புத் தொடங்கிச் சுமார் 40 வினாடிகளில் பாதை விலகி அழிந்தது. அதன் திசையையும் அசைவையும் அளக்கும் கணினியில், கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி இருந்தது. 16 பிட்டில் 32,767க்கு மேல் கொள்ளாது. ஏரியன் 5இன் வேகத்தில் மதிப்பு அதைத் தாண்டியது. ஏடா தன் வேலையைச் சரியாகவே செய்தது: எல்லை மீறப்பட்டதைக் கண்டு பிழை எழுப்பியது. அந்தப் பிழை எழுந்தால் என்ன செய்வது என்று மனிதர்கள் எடுத்திருந்த முடிவில்தான் கோளாறு இருந்தது.

இப்படி எல்லை மீறக்கூடிய மாறிகள் ஏழு என்று வடிவமைத்தவர்களே கண்டறிந்திருந்தார்கள். செயலியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்குக்காக நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதி, மற்ற மூன்றும் எல்லையை எட்ட வாய்ப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4இன் பாதைக்கு அந்தக் கணிப்பு சரியானது. அதே நிரலை ஏரியன் 5க்கு எடுத்துக்கொண்டபோது, புதிய ராக்கெட்டின் பாதை விவரங்கள் அந்தக் கருவிக்கான தேவை ஆவணத்தில் இடம்பெறவே இல்லை. இதில் மனத்தை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு: அந்தக் கணக்கீடு, ராக்கெட் தரையை விட்டு எழும்பிய பிறகு ஏரியன் 5க்குத் தேவையே இல்லாதது, பழைய ராக்கெட்டின் ஒரு வசதிக்காக எழும்பிய பின்னும் சுமார் 40 வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தது. அத்துடன், பிழை என்றாலே அது வன்பொருள் பழுதாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில், பிழை கண்ட கணினி தன்னை நிறுத்திக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். மாற்றாக வைத்திருந்த கணினியிலும் அதே மென்பொருள் இருந்ததால், அது 72 மில்லிவினாடிகளுக்கு முன்பே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. பழுது பற்றிய தகவலாக வந்த பிட்டுகளைப் பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்ட, ராக்கெட்டைச் செலுத்தும் முதன்மைக் கணினி, அதன் உமிழ்குழல்களை (நாசில்) முழுவதுமாகத் திருப்பிவிட்டது.

இதே நிரல் சி மொழியில் இருந்திருந்தால், எல்லைக்குள் அடங்காத அந்த மாற்றத்துக்கு மொழி எந்த விளைவையும் வரையறுக்கவில்லை. பெரும்பாலும் தவறான எண் ஒன்று சத்தமில்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். அது ராக்கெட்டைக் காப்பாற்றியிருக்குமா, வேறு வகையில் அழித்திருக்குமா என்பதைப் பொறியாளர் முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையைத்தான் நாம் தவிர்க்க விரும்புகிறோம். தவறைக் கண்டுபிடித்துச் சொல்வது மொழியால் ஆகும். சொன்ன பிறகு அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்பது வடிவமைப்பு. அதை எந்த மொழியிடமும் ஒப்படைத்துவிட முடியாது.

கேள்வி: எங்களிடம் பல ஆண்டுகளாக ஓடும் சி நிரல் ஏராளமாக இருக்கிறது. சி மொழியை இனிக் கைவிட்டே ஆக வேண்டுமா?

பதில்: ஒரேயடியாகக் கைவிட வேண்டாம், அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு வைத்திருங்கள். சி மொழியின் பெரிய ஆபத்து, வரையறுக்கப்படாத நடத்தை என்று அதன் தர ஆவணமே ஒதுக்கிவைத்திருக்கும் பகுதி. ஓர் எண்ணோடு நூறைக் கூட்டினால் எல்லை மீறுமா என்று அறிய, கூட்டிய விடை பழைய எண்ணைவிடச் சிறியதா என்று ஒருவர் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல், கழித்தல் குறியுள்ள முழு எண் எல்லை மீறுவது சி மொழியில் வரையறுக்கப்படாதது. ஆகவே அது நடக்கவே நடக்காது என்று கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. நடக்காத ஒன்றுக்கு எதற்குச் சோதனை என்று அந்த வரியையே அது நீக்கிவிடலாம். வேகத்துக்காக மேம்படுத்தச் சொன்னால் ஜிசிசி போன்ற கம்பைலர்கள் இதை உண்மையிலேயே செய்கின்றன. பாதுகாப்புக்காக எழுதிய வரி மூலநிரலில் இருக்கும், இயங்கும் நிரலில் இருக்காது.

அதனால்தான் சி மொழியை முழுமையாகப் பயன்படுத்தாமல் ஒரு பகுதியை மட்டும் அனுமதிக்கும் விதிகள் பிறந்தன. வாகனத் துறைக்காக 1998இல் முதலில் வெளியான மிஸ்ரா விதிகள் இன்று பல துறைகளுக்கும் பரவியுள்ளன. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் முன்வைத்த பத்து விதிகள் இன்னும் சுருக்கமானவை: தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு கூடாது, ஒவ்வொரு சுழற்சிக்கும் (லூப்) நிலையான மேல்வரம்பு வேண்டும், தொடக்கத்துக்குப் பிறகு புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது, கம்பைலரின் எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கி ஒன்றுகூட மிச்சமில்லாமல் தீர்க்க வேண்டும் என்பன அவற்றுள் சில. இவற்றோடு, நிரலை இயக்காமலே ஆராயும் கருவிகளும் வேண்டும். ஏர்பஸ் ஏ340இன் பறப்புக் கட்டுப்பாட்டு நிரலில், ஒரு லட்சம் வரிகளுக்கு மேற்பட்ட சி நிரலில், இயக்கநேரப் பிழை எதுவும் நேராது என்று ஆஸ்ட்ரே என்ற கருவி 2003இல் காட்டியது. சி மொழியிலும் இந்த உயரத்தை எட்ட முடியும் என்பதற்கு அது சான்று. அதற்கு எவ்வளவு உழைப்பு செலுத்த வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேறு மொழியில் முழுவதும் மாற்றி எழுதினால், அது களத்தில் ஈட்டிய நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடும். புதிதாக எழுதும் பகுதிகளைப் பாதுகாப்பான மொழியில் எழுதத் தொடங்குவதே விவேகம். ஆண்ட்ராய்டில் இந்த வழியைப் பின்பற்றியபோது, பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகப் பிழையால் விளைந்தவற்றின் பங்கு 2019இல் 76 சதவீதமாக இருந்தது, 2024இல் 24 சதவீதமாகக் குறைந்தது என்று கூகுள் தெரிவித்துள்ளது. பழைய நிரலின் பெரும்பகுதி அப்படியே இருந்தும் இது நடந்தது.

கேள்வி: ரஸ்டில் எழுதினால் பெரும்பாலான தவறுகள் தாமே மறைந்துவிடும் என்பது உண்மையா?

பதில்: சில வகைத் தவறுகள் உண்மையாகவே மறைகின்றன. விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடுவது, வரிசையாக அடுக்கிய தரவுத் தொகுப்பான அணியின் எல்லைக்கு வெளியே சத்தமில்லாமல் எழுதுவது, ஒரே தரவை, இணையாக ஓடும் இரண்டு நிரல் இழைகள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி மாற்றுவது ஆகியவற்றை, மொழியின் பாதுகாப்பான பகுதிக்குள் நீங்கள் இருக்கும்வரை, ரஸ்ட் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு தரவுக்கும் ஓர் உரிமையாளர், இரவல் வாங்கியவர் எதுவரை வைத்திருக்கலாம் என்ற கணக்கை இயக்கத்துக்கு முன்பே சரிபார்ப்பது ஆகியவை அதன் அடிப்படை. இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் வரலாற்றை ரஸ்ட் ஆர்வலர்கள் ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கருவி ஆறு நோயாளிகளுக்கு மிகையான கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தனர். அதன் மென்பொருளில் சரிபார்ப்பு தேவையா என்பதைக் குறிக்கும் ஒரு மாறி இருந்தது. பூஜ்யம் என்றால் தேவையில்லை, வேறு எந்த மதிப்பானாலும் தேவை. அதற்கு ஒரு நிலையான மதிப்பைத் தராமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அது ஒரே பைட் என்பதால் 256ஆவது சுற்றில் பூஜ்யமாகிவிடும். அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் சரிபார்ப்பு நடக்காது. பயன்பாட்டுக்கு வெளியிடுவதற்காகத் தொகுக்கும் ரஸ்டின் வெளியீட்டு அமைப்பில், எல்லை மீறும் இத்தகைய எண், நாம் தனியாகச் சொல்லாவிட்டால், சுற்றிப் பூஜ்யத்துக்கே வரும். எல்லைச் சோதனையை இயக்கியிருந்தால் நிரல் நின்றுவிடும். சிகிச்சையின் நடுவே நிரல் நின்றால் கதிர் அணையுமா, அணையாதா என்பது மீண்டும் வடிவமைப்பின் கேள்வி. முந்தைய மாடலான தெராக்-20இல் மென்பொருள் தவறினாலும் தடுக்கும் தனி வன்பொருள் பூட்டுகள் இருந்தன. தெராக்-25இல் அவற்றை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள்.

சான்றளிப்பு குறித்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபெரோசீன் என்ற ரஸ்ட் கம்பைலர் வாகனத் துறைக்கான ஐஎஸ்ஓ 26262, பொதுவான ஐஇசி 61508 ஆகிய தரங்களுக்கு 2023இல் தகுதி பெற்றது.

கேள்வி: பைதான் அல்லது ஜாவாவில் எழுதக் கூடாதா?

பதில்: வினாடியில் இத்தனை முறை தவறாமல் ஓட வேண்டிய கட்டுப்பாட்டுச் சுழற்சியில் வேண்டாம். பைதானில் வகைப் பிழை பலவும் அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். சாதாரண ஜாவாவில் நினைவகக் குப்பை அகற்றும் பணி எந்த நொடியில் குறுக்கிடும் என்று உறுதிசொல்ல இயலாது. சோதனைக் கருவிகள், தரவு ஆய்வு ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அப்படிப்பட்ட கருவியின் விடையை மனிதர் யாரும் மறுபடி சரிபார்க்காமல் நம்பப்போகிறீர்கள் என்றால், அந்தக் கருவிக்கே தகுதிச் சான்று தேவைப்படலாம்.

கேள்வி: இரண்டு குழுக்கள் இரண்டு மொழிகளில் தனித்தனியே எழுதி, விடைகளை ஒப்பிட்டால் மொழிச் சிக்கலே தீர்ந்துவிடாதா?

பதில்: ஏரியனின் இரட்டைக் கணினிகளைப் பார்த்தபின் எவருக்கும் இந்த எண்ணம் எழும். ஆனால் ஜான் நைட், நான்சி லெவசன் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதில் நிதானம் வேண்டும் என்கிறது. ஒரே தேவை ஆவணத்தை வைத்துத் தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்களைப் பத்து லட்சம் உள்ளீடுகளில் ஓட்டிப் பார்த்தபோது, நிரல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தவறும் என்ற அனுமானம் நிற்கவில்லை. ஒரே உள்ளீட்டில் பல நிரல்கள் சேர்ந்து தவறின. கடினமான இடம் எல்லோருக்குமே கடினமாக இருக்கிறது. மொழி மாறினாலும், தேவை ஆவணத்தில் உள்ள தவறு இரண்டு குழுவுக்கும் பொதுவானது.

போயிங் 777இன் முதன்மைப் பறப்புக் கணினிகளில் வேறொரு வழியைக் கையாண்டார்கள். மூலநிரல் ஒன்றே, அது ஏடாவில். ஆனால் மூன்று வெவ்வேறு செயலிகள், மூன்று வெவ்வேறு கம்பைலர்கள். கம்பைலர் தவறுமா என்று வியக்க வேண்டாம். சி கம்பைலர்களை ஆராய்ந்த ஒரு குழு 2011இல் 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டதாக எழுதியது. சேவியர் லெராய் குழுவினர் கணித நிரூபணத்தோடு உருவாக்கிய காம்ப்சர்ட் கம்பைலரில், நிரூபிக்கப்பட்ட பகுதியில் மட்டும் தவறான மொழிமாற்றம் எதையும் பிழை தேடிய அந்தக் குழுவால் காண முடியவில்லை.

கேள்வி: சான்றளிக்கும் தரங்கள் இன்ன மொழியில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றனவா?

பதில்: இல்லை. விமானத் துறையின் டிஓ-178சி எந்த மொழியையும் கட்டாயமாக்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு தேவையிலிருந்து பிறந்தது என்பதையும், மிக உயர்ந்த ஏ நிலையில் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்து முடிவை மாற்றுகிறது என்பதைச் சோதனை தொட்டிருக்கிறது என்பதையும் நிறுவச் சொல்கிறது. ஐஎஸ்ஓ 26262 மொழியின் பாதுகாப்பான உட்பிரிவு, கண்டிப்பான வகைமுறை போன்ற பண்புகளைக் கேட்கிறது. சி மொழியில் இவற்றை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும், ஏடாவிலும் ரஸ்டிலும் பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது என்பதுதான் செலவில் வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

கேள்வி: கணினி அறிவியல் படிக்கிறேன். இந்தத் துறைக்குப் போக எந்த மொழியில் தொடங்கலாம்? சோதனைக்குப் பதிலாக, நிரல் தவறாது என்பதற்குக் கணித நிரூபணம் என்கிறார்களே, அது நடைமுறையில் சாத்தியமா?

பதில்: முதலில் சி படியுங்கள், நினைவகமும் பிட்டுகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அது மறைக்காமல் காட்டும். பிறகு ரஸ்ட் அல்லது ஏடா. நிரூபணம் நடைமுறைக்கு வந்து பல காலம் ஆகிறது. 1998இல் திறக்கப்பட்ட பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடத்தில் ஓட்டுநரின்றி ஓடும் ரயில்களின் பாதுகாப்பு மென்பொருள், பி-முறை என்ற நிரூபண வழியில் உருவானது. எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவை 2009இல் நிரூபித்தபோது, சுமார் 8,700 வரி சி நிரலுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் வரி நிரூபணம் தேவைப்பட்டது. அந்த அளவு உழைப்பு எல்லா நிரலுக்கும் சாத்தியமில்லை. ஸ்பார்க் இதில் ஒரு நடுவழியைத் தருகிறது: இயக்கநேரப் பிழை நேராது என்பதை மட்டும் நிரூபித்து நிறுத்திக்கொள்ளலாம், தேவைப்படும் இடத்தில் மேலும் ஆழமாகப் போகலாம்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். போயிங் 787 விமானத்துக்கு மின்சாரம் 248 நாள் தொடர்ந்து இருந்தால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளில் உள்ள ஓர் எண்ணி எல்லை மீறி, அவை ஒரே நேரத்தில் செயலிழக்கக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015இல் உத்தரவு வெளியிட்டது. வினாடியின் நூறில் ஒரு பங்கை எண்ணும் 32 பிட் குறியுள்ள எண்ணி 248 நாளைத் தாண்டிச் சுமார் 13 மணி நேரத்தில் நிரம்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தகைய எண்ணி ஒன்றைச் சி, ரஸ்ட், ஏடா மூன்றிலும் எழுதி, தொடக்க மதிப்பை எல்லைக்குச் சற்று முன்னால் வைத்து ஓட்டுங்கள். சி மொழியில் மேம்படுத்தலோடும் இல்லாமலும், ரஸ்டில் சோதனை அமைப்பிலும் வெளியீட்டு அமைப்பிலும் ஓட்டி, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஏடா நிரலை ஸ்பார்க்கின் நிரூபணக் கருவிக்குக் கொடுங்கள். நிரலை ஓட்டாமலே, ஒன்றைக் கூட்டும் அந்த வரியை அது சுட்டிக்காட்டும். அந்த எச்சரிக்கை எழாதபடி நிரலை எத்தனை வழிகளில் திருத்தலாம் என்று யோசித்து, ஒவ்வொரு வழியிலும் 249ஆம் நாளன்று ஜெனரேட்டருக்கு என்ன ஆகும் என்பதையும் எழுதிப் பாருங்கள்.